92 ஜிபி காப்புநகலிலிருந்து ஒரே ஒரு கோப்பு: மொய்க் கணக்கை எடுக்க முடியவில்லை

வடக்குத்தெரு | வியாழன், இரவு 9:40

வணக்கம். அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் எங்களுக்கு மாமன் முறை. 2023 தை மாதம் என் தங்கை கல்யாணத்துக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் கூடுதலாக நாங்கள் செய்ய வேண்டும். அந்தக் கணக்கு முழுவதும் லிப்ரே ஆபிஸ் கால்க் விரிதாளில் ஒரே கோப்பாக இருக்கிறது. பெயர் 'மொய் கணக்கு'. இருக்கிறது என்று எழுதிவிட்டேன். இருந்தது என்பதே சரி.

போன வாரம் என் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 20.04ஐ அழித்துவிட்டு 24.04ஐப் புதிதாக நிறுவினேன். அதற்கு முன் என் ஹோம் கோப்புறை முழுவதையும் டார் கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டி, ஜிஜிப்பில் சுருக்கி, வெளி வன்தட்டில் வைத்தேன். 92 ஜிபி. பெரும்பகுதி புகைப்படங்கள். கணினியில் இருப்பது 120 ஜிபி எஸ்எஸ்டி என்பதால் முழுவதையும் பிரித்துப் போட இடமில்லை. எனக்கு வேண்டியதும் அந்த ஒரு கோப்புதான்.

ஹோம், என் பயனர் பெயர், டாக்குமெண்ட்ஸ், மொய் கணக்கு என்று முழுப் பாதையையும் கொடுத்து எடுக்கப் பார்த்தேன். 45 நிமிடம் வன்தட்டு உறுமியது. கடைசியில் 'காப்பகத்தில் இல்லை' என்று ஒரே வரி. எழுத்துப்பிழையோ என்று திரும்பச் செய்தேன். இன்னொரு 45 நிமிடம், அதே வரி.

காகித நோட்டு இருந்தது. பரணில் கரையான் அதை முந்திக்கொண்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நள்ளிரவு நிர்வாகி | வியாழன், இரவு 10:05

பாதையின் முன்னால் சாய்கோடு போட்டீர்களா? போட்டிருப்பீர்கள். குற்றவாளி அதுதான்.

டார் மூட்டை கட்டும்போது 'பெயர்களின் முன்னுள்ள சாய்கோட்டை நீக்குகிறேன்' என்று ஒரு வரி சொல்லும். அதை யாரும் படிப்பதில்லை. வேறு கணினியில் பிரிக்கும்போது அங்கிருக்கும் கோப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆகவே மூட்டைக்குள் பெயர் 'ஹோம்' என்றே தொடங்கும், சாய்கோட்டில் தொடங்காது. ஹோமுக்குள் நின்றுகொண்டு புள்ளியைக் கொடுத்துக் கட்டியிருந்தால் புள்ளி, சாய்கோடு என்று தொடங்கும். நீங்கள் கொடுக்கும் பெயர் உள்ளே இருக்கும் பெயரோடு அப்படியே பொருந்தினால்தான் கோப்பு வெளியே வரும்.

இன்னொன்று. உள்ளே இருப்பது பழைய பயனர் பெயர். புது நிறுவலில் வேறு பெயர் வைத்திருந்தால் அதைக் கொடுத்துப் பயனில்லை.

ஊகித்து ஊகித்து முக்கால் மணி நேரங்களைத் தொலைக்காதீர்கள். முதலில் பட்டியலை மட்டும் எடுத்து ஓர் உரைக்கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பிரிப்பதற்கு 'எக்ஸ்' கொடுக்கும் இடத்தில் 'டி' கொடுத்தால் பட்டியல். அதன்பின் தேடுவதெல்லாம் அந்த உரைக்கோப்பில்தான். நொடியில் முடியும்.

புதினா இலை | வியாழன், இரவு 10:20

டைம்ஷிஃப்ட் போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே. பழைய நாளைத் தேர்ந்தெடுத்து மீட்டிருக்கலாம்.

நள்ளிரவு நிர்வாகி | வியாழன், இரவு 10:24

மீட்டிருக்க முடியாது. டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோம் கோப்புறைகளைத் தொடுவதில்லை. இயங்குதளம் கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திருப்புவதற்காகச் செய்த கருவி அது. நம் ஆவணங்களைக் காப்பது அதன் வேலை அன்று. நீங்களாக அமைப்புகளில் சேர்த்திருந்தால் உண்டு. உங்களுடையதை இன்றே திறந்து பாருங்கள், புதினா.

புதினா இலை | வியாழன், இரவு 10:41

பார்த்தேன். இல்லை. இரண்டு வருடமாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

சில்லு | வியாழன், இரவு 11:02

அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் வைத்து எஸ்எஸ்டியை அலசிப் பார்க்கலாமே?

கருவேலம் | வியாழன், இரவு 11:15

எதற்கு? கோப்பு காப்புநகலில் இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. அதற்குள் சுவரை இடிக்க வேண்டுமா? மேலும் ஃபோட்டோரெக் மீட்டுக் கொடுப்பவற்றில் பழைய பெயர்கள் இருக்காது, எண்களாக வந்து விழும். எஸ்எஸ்டியில், அழித்த இடத்தைத் துடைத்துவிடும் ட்ரிம் ஓடியிருந்தால் அதுவும் கிடைக்காது. நள்ளிரவு சொன்னபடி பட்டியல் எடுங்கள், வடக்கு. வன்தட்டை நீல நிற யூஎஸ்பி துளையில் செருகியிருக்கிறீர்களா? 92 ஜிபிக்கு 45 நிமிடம் என்றால் அது பழைய யூஎஸ்பி 2 வேகம்.

வடக்குத்தெரு | வெள்ளி, காலை 6:50

கருவேலம் அண்ணா, துளையை மாற்றினேன். 17 நிமிடத்தில் பட்டியல் வந்துவிட்டது. இத்தனை நாள் கறுப்புத் துளையில் செருகிக் காத்துக் கிடந்திருக்கிறேன்.

சாய்கோட்டை எடுத்துவிட்டு, பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிக்குள் போட்டு, பெரிய எழுத்து 'சி' கொடுத்துத் தனிக் கோப்புறையில் பிரிக்கச் சொன்னேன். வந்தது! அனைவருக்கும் நன்றி. இழையை மூடிவிடலாம்.

வடக்குத்தெரு | வெள்ளி, காலை 7:10

மூட வேண்டாம். திறந்து பார்த்தேன். 61 வரிகள்தான் இருக்கின்றன. தங்கை கல்யாணத்துக்கு எழுதிய மொய் நானூறு பேருக்கு மேல். ஊர், பெயர், தொகை, பொருள் என்று நான்கு பத்திகளில் முதல் இரண்டு மட்டும் நிரம்பியிருக்கின்றன. தொகை என்று ஒரு ரூபாய்கூட இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், 2022 கடைசியில், வருவார்கள் என்று நினைத்தவர்களை நானே எழுதி வைத்த பட்டியல் இது.

அப்படியென்றால் நான் எடுத்த காப்புநகலே பழையதா? போன வாரம் எடுத்தேன் என்று சத்தியம் செய்வேன்.

கருவேலம் | வெள்ளி, காலை 8:30

சத்தியம் வேண்டாம். பட்டியலை விவரத்தோடு எடுங்கள். 'டி'யோடு 'வி' சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் அளவு, தேதி, உரிமையாளர் எல்லாம் வரும். போன வாரத்துத் தேதியில் மற்ற கோப்புகள் இருந்தால் காப்புநகல் புதியதுதான்.

வடக்குத்தெரு | வெள்ளி, காலை 9:05

எடுத்தேன். மற்றவை எல்லாம் புதியவை. ஆனால் ஒரு விசித்திரம். கிரெப் கட்டளையில் 'மொய்' என்று தேடினால் ஒரு வரி. சும்மா கண்ணால் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால் இரண்டு வரிகள்!

ஒரே கோப்புறை. ஒரே பெயர். முதலாவது 14 கேபி, டிசம்பர் 2022. இரண்டாவது 43 கேபி, பிப்ரவரி 2023. எனக்கு வேண்டியது இரண்டாவது. கிரெப் அதை இல்லை என்கிறது. கண்ணுக்கு எதிரில் இருப்பதை இல்லை என்று சொன்னால் நான் என்ன செய்வது?

சில்லு | வெள்ளி, காலை 9:20

டார் மூட்டையில் ஒரே பெயரை இரண்டு முறை சேர்க்க முடியும் என்று படித்திருக்கிறேன். காந்த நாடாக் காலத்து வழக்கம். நாடாவில் முன்னால் எழுதியதைத் திருத்த முடியாது என்பதால் புதியதைக் கடைசியில் ஒட்டுவார்கள்.

கருவேலம் | வெள்ளி, காலை 9:48

முடியும். டார் என்ற பெயரே நாடாவிலிருந்து வந்ததுதான், 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த கருவி. ஆனால் இங்கே அது இடிக்கிறது. சுருக்கிய மூட்டையின் கடைசியில் எதையும் ஒட்ட முடியாது. 'சுருக்கிய காப்பகத்தைப் புதுப்பிக்க முடியாது' என்று டார் மறுத்துவிடும். வடக்கு ஜிஜிப்பில் சுருக்கியிருக்கிறார். தவிர ஒரே பெயர் இரண்டு இருந்தால் பிரிக்கும்போது பின்னால் வருவது முன்னதை அழித்துக்கொண்டு உட்காரும். அவருக்குப் பெரிய கோப்பு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது சிறியது.

ஆக, இவை ஒரே பெயர் இல்லை. நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. வடக்கு, ஒரு காரியம் செய்யுங்கள். மொழி அமைப்பைத் தற்காலிகமாக 'சி' என்று வைத்து, அதாவது எல்சி ஆல் என்ற மாறிக்கு அந்த ஓர் எழுத்தைக் கொடுத்து, அதே பட்டியலை எடுங்கள். தமிழ் எழுத்துகள் எல்லாம் பின்சாய்கோடும் எண்களுமாக வரும். அந்த இரண்டு வரிகளை இங்கே ஒட்டுங்கள்.

வடக்குத்தெரு | வெள்ளி, காலை 10:25

பெயரின் தொடக்கத்தை மட்டும் ஒட்டுகிறேன்.

சிறியது: \340\256\256\340\257\212\340\256\257\340\257\215
பெரியது: \340\256\256\340\257\206\340\256\276\340\256\257\340\257\215

பார்த்தாலே தலை சுற்றுகிறது.

கருவேலம் | வெள்ளி, காலை 10:40

சுற்ற வேண்டாம், மும்மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள்.

முதல் வரியில் நான்கு துண்டுகள்: ம, ஒகரக் குறி, ய, புள்ளி. மொத்தம் 12 பைட்டுகள். இரண்டாம் வரியில் ஐந்து துண்டுகள்: ம, ஒற்றைக் கொம்பு, கால், ய, புள்ளி. 15 பைட்டுகள்.

சிக்கல் 'மொ'வில்தான். பள்ளிக்கூடத்தில் நாம் எப்படி எழுதினோம்? கொம்பு போட்டு, ம எழுதி, கால் போடுவோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோட் இதை இரண்டு விதமாகவும் ஒப்புக்கொள்கிறது. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி, பதின்ம எண்ணில் சொன்னால் 3018. அல்லது கொம்பு 3014, கால் 3006 என்று தனித்தனியாக இரண்டு. தரத்தின்படி இரண்டும் ஒன்றுக்கொன்று சமம், திரையில் மயிரிழை வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. ஓகாரமும் ஔகாரமும் இப்படியே. ஆனால் லினக்ஸின் கோப்பு முறைமைக்கு, நாம் இயல்பாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4க்கு, பெயர் என்பது எழுத்துகள் இல்லை, பைட்டுகளின் வரிசை. அதற்கு 12 பைட்டுப் பெயரும் 15 பைட்டுப் பெயரும் வெவ்வேறு ஆட்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். கிரெப்பும் அப்படியே.

அந்தப் பெரிய கோப்பு வேறு கணினியிலிருந்து வந்ததா? பழைய மேக்?

வடக்குத்தெரு | வெள்ளி, காலை 11:02

அண்ணா, பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் சொல்கிறீர்கள். தம்பியிடம் பழைய மேக்புக் இருந்தது. என் 61 வரிப் பட்டியலைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போய், மொய் நோட்டைப் பார்த்து ஒரு வாரம் உட்கார்ந்து தட்டினான். ஜிப் செய்து மின்னஞ்சலில் அனுப்பினான். டாக்குமெண்ட்ஸிலேயே பிரித்தேன். 'ஏற்கெனவே இருக்கிறது, அழிக்கவா' என்று அது கேட்கவே இல்லை. அன்றைக்கு அதைக் கவனிக்கவும் இல்லை. பிறகு எப்போதும் 'அண்மையில் திறந்தவை' பட்டியலிலிருந்தே திறந்துகொண்டிருந்தேன்.

கருவேலம் | வெள்ளி, முற்பகல் 11:20

அதேதான். 2017இல் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமை வரும்வரை மேக் கணினிகளில் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, எந்தப் பெயரையும் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். ஒகரத்தைக் கொம்பும் காலுமாக உடைத்துவிடும். அது பிழையில்லை, ஒரே வடிவம் என்று ஒழுங்காக வைத்துக்கொண்டார்கள். அங்கே கட்டிய ஜிப்புக்குள்ளும் உடைந்த பெயரே போகும். உங்கள் தமிழ்99 விசைப்பலகை சேர்ந்த குறியைத் தட்டுகிறது. நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் சின்னக் கோப்புதான் வரும்.

எடுப்பது சுலபம். டாரில் வைல்டுகார்ட்ஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பெயரில் கேள்விக்குறி போடலாம். ஒரு கேள்விக்குறிக்கு ஒரு குறியீடு. சேர்ந்த வடிவத்தில் ம-வுக்கும் ய-வுக்கும் நடுவே ஒன்று, பிரிந்த வடிவத்தில் இரண்டு. ஆகவே 'ம??ய் கணக்கு' என்று இரண்டு கேள்விக்குறி கொடுங்கள். முன்னால் பாதைக்கு ஒரு நட்சத்திரம். எல்லாவற்றையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் கட்டளையை வாங்கும் ஷெல் அந்தக் குறிகளைத் தானே விரித்துப் பார்க்கக் கிளம்பிவிடும். மொழி அமைப்பை மறக்காமல் யூடிஎஃப்-8க்குத் திருப்பிவிடுங்கள். 'சி'யிலேயே விட்டால் கேள்விக்குறி ஒரு பைட்டை மட்டும் விழுங்கும், எதுவும் பொருந்தாது.

அக்கரன்ஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்தால் கோப்பு கிடைத்தவுடன் நின்றுவிடும். டாருக்குத் தனியாகப் பொருளடக்கம் கிடையாது. கிடைத்த பிறகும் மிச்ச மூட்டை முழுவதையும் படித்துவிட்டுத்தான் ஓயும்.

வடக்குத்தெரு | வெள்ளி, பகல் 11:52

வந்துவிட்டது! 43 கேபி. 418 வரிகள். தொகைப் பத்தி நிரம்பியிருக்கிறது!

மாமன் வீடு 117ஆம் வரியில்: 5,001 ரூபாய், பொருள் பத்தியில் 'பித்தளை அண்டா 1'. அண்டாவை நான் மறந்தே போயிருந்தேன். பணத்தை மட்டும் எழுதிவிட்டு வந்திருந்தால் அம்மாவை ஊர்ப் பக்கம் தலைகாட்ட விட்டிருக்க மாட்டார்கள்.

கணித்தமிழ் சலிப்பு | வெள்ளி, பிற்பகல் 2:15

மகிழ்ச்சி. ஆனால் யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்ததுதான் மூலக் காரணம். உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் தமிழில் எழுதுங்கள். வெளியே பெயர் மட்டும் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். இருபது வருடமாக அப்படித்தான் வைக்கிறேன். ஒரு நாளும் இப்படித் தவித்ததில்லை.

பழைய தட்டச்சர் | வெள்ளி, பிற்பகல் 3:30

ஐயா, அந்த 'மொய்'யை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். கடைசி எழுத்து 'ஐ'யா, 'வொய்'யா என்று தேட வேண்டிவரும். அதற்கு வைல்டுகார்டும் உதவாது. ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துருக் காலத்தில் கோப்பைத் திறந்தாலே கட்டம் கட்டமாகத் தெரியும். அதைத் தாண்டி வந்துவிட்டோம். இப்போது ஒரு கொம்புக்கும் காலுக்கும் பயந்து பின்வாங்க வேண்டுமா? இந்தத் தகராறு தமிழுக்கு மட்டும் உரியதும் இல்லை. பிரெஞ்சில் உச்சிக்கோடு வைத்த எழுத்துக்கும், ஜெர்மனில் இரட்டைப் புள்ளி வைத்த எழுத்துக்கும் இதே கதைதான்.

தமிழில் இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. ஔகாரத்துக்குக் கொம்பு போட்டு, பின்னால் 'ள' என்ற எழுத்தையே தட்டுபவர்கள். கௌரி என்ற பெயரில் பாதிப் பேர் செய்வார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், யூனிகோட் தரப்படி சமம் இல்லை. எந்தக் கருவியும் தானாகத் திருத்தாது. 'ஸ்ரீ'யும் அப்படியே, அதன் முதல் எழுத்துக்கு இரண்டு குறியீடுகள் உலவுகின்றன.

கணித்தமிழ் சலிப்பு | வெள்ளி, மாலை 4:05

உணர்ச்சி வேறு, வேலை வேறு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பைட்டு எண்ணிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

கருவேலம் | வெள்ளி, மாலை 4:30

வேலையைப் பற்றியே பேசுவோம். கான்வ்எம்வி என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. கோப்புறையைக் கொடுத்து, இரு பக்கமும் யூடிஎஃப்-8 என்று சொல்லி, என்எஃப்சி என்ற விருப்பம் கொடுத்தால் உடைந்த பெயர்களை எல்லாம் சேர்த்து எழுதிவிடும். இயல்பாக அது எதையும் மாற்றாது, எவை எவை மாறும் என்று பட்டியல் மட்டும் காட்டும். நோடெஸ்ட் என்று சேர்த்தால்தான் உண்மையில் கை வைக்கும். மாதம் ஒரு முறை ஓட்டினால் போதும்.

வடக்கு, நீங்கள் இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பெரியது சேர்ந்தவுடன் சின்னதோடு மோதும். சின்னதற்கு முதலில் வேறு பெயர் வையுங்கள்.

அடுத்த முறை காப்புநகலை ஒரே மூட்டையாகக் கட்டாமல் போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற காப்புநகல் கருவியில் எடுங்கள். இரண்டிலும் மவுண்ட் என்று ஒரு வசதி உண்டு. பழைய காப்புநகலைச் சாதாரணக் கோப்புறைபோல் திறந்து, வேண்டியதைச் சுட்டியால் இழுத்துக்கொள்ளலாம். பெயரைத் தட்டவே வேண்டாம். கடவுச்சொல்லை மட்டும் கணினிக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள். அதைத் தொலைத்தால் நானும் உதவ முடியாது, வேறு யாரும் உதவ முடியாது.

வடக்குத்தெரு | ஞாயிறு, இரவு 8:15

போய்விட்டு வந்தோம். 7,001 ரூபாயும் வெண்கலப் பானையும். பந்தல் வாசலில் மொய் எழுதியவர் இப்போதெல்லாம் மடிக்கணினி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தட்டில் பணத்தை வைத்தால் உடனே ரசீது அச்சாகி வருகிறது. கோப்புக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். மணமக்கள் பெயர். அதில் ஒரு கௌசல்யா. கொம்பும் ளகரமுமா, சேர்ந்த குறியா என்று கேட்கலாமா என்று வாய்வரை வந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

கணித்தமிழ் சலிப்பு | திங்கள், காலை 7:20

கான்வ்எம்வியை என் கணினியில் சும்மா ஓட்டிப் பார்த்தேன். என் கோப்புகள் எல்லாம் ஆங்கிலப் பெயர்கள், ஒன்றும் வராது என்றுதான் ஓட்டினேன். 212 வரிகள் வந்தன. என் மகள் அவளுடைய மேக்கிலிருந்து அனுப்பிய புகைப்படக் கோப்புறைகள். 'கொலு', 'பொங்கல்', 'தோட்டம்', 'போன வருடம்'. அத்தனையும் கொம்பும் காலுமாக உடைந்து கிடக்கின்றன. போன மாதம் கொலுப் படங்களைத் தேடிக் கிடைக்காமல், அவள் அனுப்பவே இல்லை என்று அவளிடம் சண்டை போட்டிருந்தேன்.

நோடெஸ்ட் கொடுத்துவிடலாமா, அல்லது முதலில் ஒரு காப்புநகல் எடுக்க வேண்டுமா?

கருவேலம் | திங்கள், காலை 7:31

எடுங்கள். மகளிடமும் பேசுங்கள்.